ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை: இசைப் பாடவேளைக்கு ஓராண்டுத் திட்டம் வகுப்பது எப்படி?

பள்ளி திறப்பதற்கு முன், மே மாதத்தின் கடைசி வாரத்தில், இசை ஆசிரியர் முதலில் கையில் எடுக்க வேண்டியது பள்ளியின் நாட்காட்டியைத்தான். பாடல்களைப் பிறகு தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நமக்கு ஆண்டில் உண்மையாகவே எத்தனை பாடவேளை கிடைக்கும் என்று தெரியாமல் எழுதும் திட்டம், ஆகஸ்டு மாதத்திலேயே பின்தங்கி, அக்டோபரில் கைவிடப்பட்டு, ஆண்டு விழாவுக்கான இரண்டு பாடல் ஒத்திகையாகச் சுருங்கிவிடும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பல ஆண்டுகள் இந்த வகுப்புகளுக்கு இசை கற்பித்து, இத்தகைய திட்டங்களை எழுதியும் திருத்தியும் வந்தவன் என்ற முறையில், நான் கடைப்பிடிக்கும் வழியை இங்கே எழுதுகிறேன். வாரத்துக்கு ஒரு பாடவேளை, 40 நிமிடம், வகுப்பில் 40 பிள்ளைகள், இசைக்கருவி என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை என்ற நிலையை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்; ஏனென்றால் நம்மில் பெரும்பாலோரின் நிலை அதுதான்.

கணக்கை இப்படிப் போடுங்கள். 210 வேலை நாள் என்றால் 42 வாரம், ஆகவே 42 பாடவேளை. அதில் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளுக்கும் அவற்றுக்கு முந்தைய திருப்புதலுக்கும் 8 வாரத்தைக் கழியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை விடுமுறைகளுக்கு 3, விளையாட்டு விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் 2, நம் பாடவேளை விழும் கிழமையிலேயே வரும் அரசு விடுமுறைக்கு 1. மீதம் 28. இந்த 28ஐத்தான் ஜூன் முதல் செப்டம்பர் வரை 10, அக்டோபர் முதல் டிசம்பர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 10 என்று பிரித்துக்கொள்கிறேன். வாரத்துக்கு மூன்று அரை நாள் மட்டும் பள்ளிக்கு வரும் பகுதி நேர ஆசிரியர்கள் இன்னும் கறாராகக் கணக்குப் போட வேண்டும்.

தேர்வு நெருங்கும்போது கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ வந்து, "சார், இந்த ஒரு பீரியட் மட்டும் குடுங்க" என்று கேட்பது எல்லாப் பள்ளியிலும் நடப்பது. அதை மறுத்து மனக்கசப்பு வளர்ப்பதைவிட, அந்த வாரங்களை முன்கூட்டியே கழித்துவிட்டு, அதற்கு ஈடாக ஜனவரியில் இரண்டு முறை அடுத்தடுத்த இரு பாடவேளைகளை ஒன்றாகத் தரும்படி ஜூன் மாதத்திலேயே தலைமை ஆசிரியரிடம் கேட்டுக் கால அட்டவணையில் எழுதி வாங்கிவிடுங்கள். ஜூனில் எளிதாகக் கிடைப்பது ஜனவரியில் கெஞ்சினாலும் கிடைக்காது.

அடுத்து, ஆண்டின் இலக்கு. "சரளி வரிசை முடித்தல், ஜண்டை வரிசை தொடங்குதல்" என்று தொடக்கச் சுரப் பயிற்சிகளின் பெயரை எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஏப்ரல் மாதத்தில் நாம் வகுப்பை விட்டு வெளியே போய் நின்றாலும் பிள்ளைகள் தாங்களாக என்ன செய்வார்கள் என்று எழுதிப் பாருங்கள். நான் மூன்று வரிதான் எழுதுகிறேன். சுருதியோடு, அதாவது பாட்டுக்கு ஆதாரமாகத் தொடர்ந்து ஒலிக்கும் ஒலியோடு, தன் குரலைச் சேர்த்து ஒரு பாட்டு முழுவதும் அதிலேயே நிற்பார்கள். ஆதி தாளத்தையும் ரூபக தாளத்தையும் தாங்களே போட்டுக்கொண்டு பாடுவார்கள். ஐந்து பாடல்களைப் புத்தகம் பார்க்காமல் பாடுவார்கள். 28 பாடவேளைக்கு இது குறைவு என்று தோன்றலாம். 40 பேரில் நான்கு பேர் அல்லாமல் 40 பேரும் இதைச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இது சரியான அளவு என்பது விளங்கும்.

ஜூன்: காலை வணக்கக் கூட்டத்திலிருந்து தொடங்குங்கள்

எந்த ராகத்தில் தொடங்குவது என்ற கேள்விக்கு நம் பள்ளிகளே விடை வைத்திருக்கின்றன. தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது, அதை 55 நொடிகளில், முல்லைப்பாணி எனப்படும் மோகன ராகத்தில், மூன்றன் நடையில் (மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடை) பாட வேண்டும் என்று அரசாணை வகுத்தது. அப்படியானால், இசை என்றால் என்னவென்றே தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை, பள்ளியில் சேர்ந்த நாள் முதல் நாள்தோறும் மோகனத்தைத் திஸ்ர நடையில் பாடிக்கொண்டுதான் வந்திருக்கிறது. காதில் ஏறிவிட்ட அந்த ராகத்தைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவதுதான் நம் முதல் பருவத்து வேலை.

முதல் பாடவேளையில் எதையும் கற்பிக்காதீர்கள். சுருதி எதுவும் வைக்காமல் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடச் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவருடைய குரலே சுருதி ஆகிவிடும். பாதிப் பேர் எட்டாத உயரத்துக்குக் கத்துவார்கள், மீதிப் பேர் முணுமுணுப்பார்கள், முடிக்கும்போது தொடங்கிய இடத்துக்குக் கீழே இறங்கியிருப்பார்கள். எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதி உயரத்தில், தொடங்கி எங்கே முடித்தார்கள் என்று தேதியோடு குறித்து வையுங்கள். இந்தப் பதிவு ஏப்ரலில் தேவைப்படும்.

இரண்டாவது பாடவேளையிலிருந்து சுருதி. கைப்பேசியில் தம்பூரா செயலியும் ஒரு சிறிய ஒலிபெருக்கியும் போதும். ஆறாம், ஏழாம் வகுப்புக்கு ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டையில் வைத்து, வாயை மூடியபடி "ம்" என்று ஒலிக்கச் செய்து, பிறகு அதே ஒலியை "ஆ" என்று திறக்கச் சொல்லுங்கள். ஆண் ஆசிரியர் தம் குரலில் கீழ் ஸ்தாயியில் பாடிக் காட்டினால், எந்த உயரத்தைப் பிடிப்பது என்று சில பிள்ளைகள் தடுமாறுவார்கள். சுருதி சேரும் ஒரு மாணவியைப் பாடச் சொல்லி, அந்தக் குரலைப் பின்பற்றச் சொல்வது நல்லது.

சுருதியில் ஒட்டாத குரல்கள் எந்த வகுப்பிலும் ஐந்தாறு இருக்கும். அவர்களைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது, ஆண்டு விழாக் குழுப்பாடலுக்கு நின்ற என்னிடம் என் ஆசிரியர், "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வெளியே வரக் கூடாது" என்றார். நான் அதைத்தான் செய்தேன். அதன் பிறகு நான்கு ஆண்டுகள் யார் முன்னாலும் பாடவில்லை. எனக்கு வேண்டியிருந்தது சுருதியைக் கேட்டுக்கேட்டுக் குரலைச் சேர்க்கும் மூன்று மாதப் பயிற்சி, அவ்வளவுதான். ஆகவே ஒட்டாத குரலை நன்றாகச் சேரும் இரண்டு குரல்களுக்கு நடுவே உட்கார வையுங்கள். ஒரு காதை மூடிக்கொண்டு தன் குரலைத் தானே கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை எந்தச் சுரத்தில் நிற்கிறதோ அங்கே நீங்கள் இறங்கிப்போய் அதே ஒலியைப் பாடி, அங்கிருந்து ஒவ்வொரு படியாக, ஆதார சுரமான சட்ஜத்துக்கு (ச) அழைத்து வாருங்கள். எந்தப் பிள்ளையையும் வாயை மூடச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது பாடவேளை முதல் மோகனத்தின் ஐந்து சுரங்கள்: ச, ரி, க, ப, த. கையை வயிற்றருகே வைத்தால் ச, மார்பருகே ரி, தோளருகே க என்று உயரம் காட்டிப் பாடச் செய்யலாம். பீரோவில் பூட்டிக் கிடக்கும் ஆர்மோனியமோ ஒரு கீபோர்டோ பள்ளியில் இருந்தால் இன்னொரு வழி உண்டு. நாலரைக் கட்டையைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால், மோகனத்தின் ஐந்து சுரங்களும் ஐந்து கறுப்புக் கட்டைகளில் அப்படியே விழும். வெள்ளைக் கட்டையைத் தொடாமல் கறுப்பை மட்டும் அழுத்து என்று சொல்லிவிட்டால், இதுவரை கருவியைத் தொட்டறியாத பிள்ளையும் தவறான சுரம் என்ற பயமின்றி வாசிக்கும்; ஒவ்வொரு வகுப்பிலும் நான்கு பேருக்கு இரண்டிரண்டு நிமிடம் கொடுத்தால் அரையாண்டுக்குள் எல்லோருடைய விரலும் கட்டையில் பட்டிருக்கும்.

மரபுப்படி மாயாமாளவகௌளையில்தானே தொடங்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 15வது மேளகர்த்தாவான, அதாவது தாய் ராகமான, அந்த ராகத்தில் ச ரி க ம என்ற முதல் பாதியும் ப த நி ச என்ற மறுபாதியும் ஒரே இடைவெளி அமைப்பில் இருப்பதால், ஒரு பாதியைப் பிடித்தவர் மறுபாதியையும் பிடித்துவிடுவார். புரந்தரதாசர் வகுத்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் அந்த வரிசைமுறையின் அழகு அது. வீட்டில் குருவின் எதிரே தனியாக உட்காரும் பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. ஆனால் அதன் சுத்த ரிஷபம் (ரி) சட்ஜத்தை ஒட்டியே நிற்பது; 40 குரல்கள் ஒன்றாகப் பாடும்போது அந்த நெருக்கம் கலங்கிப்போய், யார் பிழை செய்கிறார் என்பதே கேட்காது. மோகனத்தில் சுரங்கள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பதால் பிழை உடனே காதில் விழும், உடனே திருத்தலாம். எனவே மாயாமாளவகௌளையை நான் இரண்டாம் பருவத்துக்குத் தள்ளிவைக்கிறேன்.

தாளம்: கையும் வாயும்

ஆதி தாளத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதால் பயனில்லை. கையைப் பார்க்க வேண்டும். வலது உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், இது லகு. அடுத்து ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மீண்டும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. இவை இரண்டு திருதம். எட்டு எண்ணிக்கை முடிந்தது. பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது ஒரே இடத்தில்தான்: நடுவிரலை முடித்தவுடன் பழக்கத்தால் ஆட்காட்டி விரலுக்கும் போய்விடுவார்கள். அந்த ஒரு இடத்தை மட்டும் "நடுவிரல், தட்டு" என்று பத்து முறை தனியாகச் செய்யவிட்டால் பிழை மறைந்துவிடும். ரூபகத்துக்கு முதலில் திருதம், பிறகு லகு: தட்டு, வீச்சு, தட்டு, சுண்டு, மோதிரம், நடு. கை பழகும்வரை பாட்டு வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும்.

கை பழகியதும் சொற்கட்டு, அதாவது தாளத்தை வாயால் சொல்லும் அசைகள். மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிட தகதிமி, ஒன்பதுக்குத் தகதிமி தகதகிட. மிருதங்கமோ தவிலோ இல்லாத வகுப்பில் வாயே கருவி. வருகைப் பதிவையும் தாளத்தில் எடுக்கலாம்: நான் ஒரு தட்டில் பெயரைச் சொல்ல, அடுத்த தட்டில் பிள்ளை பதில் சொல்ல வேண்டும். வாரா வாரம் ஐந்து நிமிடத்தைத் தின்றுகொண்டிருந்த பதிவேடு, தாளப் பயிற்சியாக மாறிவிடுகிறது. காலாண்டுக்கு முன் ஒரு நாள், தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடிக்கொண்டே தொடையில் மெதுவாகத் "தகிட, தகிட" என்று தட்டச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டு பாடிய பாட்டுக்குள் மூன்றன் நடை ஓடிக்கொண்டிருந்ததை அவர்களே கண்டுபிடிக்கும் அந்த நொடியில் முகங்களைப் பாருங்கள். எனக்கு ஒவ்வோர் ஆண்டும் அது புதிதாகவே இருக்கிறது.

ஒரு பாடவேளையை எப்படிப் பகிர்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுருதியும் "ம்" காரமும் 5 நிமிடம், தாளம் 8 நிமிடம், புதிய பாடம் 12 நிமிடம், வரிசை வரிசையாகப் பாடிக் கேட்பது 10 நிமிடம், கடைசி 5 நிமிடம் ஏதேனும் ஒன்றைக் கண்ணை மூடிக் கேட்பது. கேட்பதற்கு முழுக் கச்சேரி தேவையில்லை. டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுவரத்தில் தோடியின் மூன்று நிமிடம், ஒரு கடத் தனியாவர்த்தனத்தின் (தாளக் கருவி மட்டும் தனித்து வாசிப்பது) இரண்டு நிமிடம், அவ்வளவு போதும். கேட்ட பிறகு "பிடித்ததா" என்று கேட்காதீர்கள். "எத்தனை கருவி கேட்டது, தாளம் எங்கே வேகமானது" என்று கேளுங்கள். நோட்டில் எழுதவைப்பதற்கு நான் நேரம் ஒதுக்குவதில்லை. பாடல் வரிகளை வீட்டில் எழுதிக்கொள்ளலாம்.

மகரக்கட்டு

இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் திட்டம் எழுதுபவர் ஒருபோதும் மறக்கக் கூடாத சொல் இது. பையன்களுக்கு ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ குரல் உடையத் தொடங்கும். பழைய நாடகக் கம்பெனிகளில் பெண் வேடம் போட்டுப் பாடிப் புகழ்பெற்ற சிறுவர்கள், மகரக்கட்டு வந்ததும் வேடத்தை இழந்து ஒதுங்க நேர்ந்ததை நாடக உலகத்தார் சொல்லிக் கேட்டிருப்போம். நம் வகுப்பறையிலும் அதே இழப்பு சத்தமில்லாமல் நடக்கிறது. ஆறாம் வகுப்பில் முன்வரிசையில் நின்று கணீரென்று பாடிய ஒரு பையன், எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் பாடச் சொன்னபோது, மேல் பஞ்சமத்தில் (ப) குரல் கீறிக்கொண்டு போனது, வகுப்பு சிரித்தது, அத்துடன் அவன் நிறுத்திவிட்டான். பாடச் சொன்ன பிழை என்னுடையது. அந்த ஆண்டுக்குப் பிறகுதான் எட்டாம் வகுப்புத் திட்டத்தைத் தனியாக எழுதத் தொடங்கினேன்.

குரல் மாறும் மாதங்களில் ஒரு பையனுக்கு வசதியாக எட்டும் சுரங்கள் ஐந்தோ ஆறோதான் இருக்கும்; அவையும் மாதத்துக்கு மாதம் கீழே நகரும். ஆகவே எட்டாம் வகுப்புக்கு ஆறு சுரத்துக்குள் அடங்கும் பாடல்களையே தேர்ந்தெடுங்கள். குரல் உடைந்துகொண்டிருப்பவர்களைச் சுருதிப் பெட்டிக்கு அருகில் ஒரே பக்கமாக உட்கார வைத்து, பாட்டு முழுவதும் சட்ஜத்தை மட்டும் நீட்டிப் பிடிக்கும் பொறுப்பைக் கொடுக்கலாம். தாளத்தையும் சொற்கட்டையும் அவர்கள் தலைமையில் நடத்தலாம். அவர்களைத் தனியாக எழுப்பிப் பாடவைக்கவே கூடாது. இது எல்லோருக்கும் நடப்பது, ஆண்டுக்கணக்கில் நீடிக்காது, இதனால் பாட்டு போய்விடாது என்று எட்டாம் வகுப்பின் முதல் பாடவேளையிலேயே பெண் பிள்ளைகளும் கேட்கும்படி சொல்லிவிட்டால் சிரிப்பு பாதி குறைந்துவிடும். பெண் பிள்ளைகளின் குரலும் இந்த வயதில் மாறுகிறது. அது மெதுவாக, காற்று கலந்த ஒலியாக வெளிப்படுவதால் நாம் கவனிப்பதில்லை.

மாற்றம் முடிந்து குரல் இறங்கிவிட்ட பையன்களுக்கு ஒரு கட்டை வசதி, பெண் பிள்ளைகளுக்கு ஐந்து கட்டை வசதி என்றால், இரண்டையும் ஒரே சுருதியில் நடத்த முடியும். ஒரு கட்டைச் சுருதியில் ஒலிக்கும் பஞ்சமமே ஐந்து கட்டையின் சட்ஜம். சுருதியை மாற்றாமலேயே ஒரு வரியைப் பையன்கள் ஒரு கட்டையில் பாட, அதே வரியைப் பெண் பிள்ளைகள் ஐந்து கட்டையில் திருப்பிச் சொல்லலாம். கேள்வியும் பதிலுமாக அமைந்த நாட்டுப்புறப் பாடல்கள் இதற்கு நன்றாகப் பொருந்தும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை

மழையும் விடுமுறையும் போக எட்டே பாடவேளை. ஆகவே இந்தப் பருவத்தில் பெரிய திட்டம் வேண்டாம். ஆறாம் வகுப்புக்கு மோகனத்தைத் தொடர்ந்து ஒரு புதிய பாடல் போதும். ஏழாம், எட்டாம் வகுப்புக்கு மாயாமாளவகௌளையில் சரளி வரிசையின் முதல் மூன்று மட்டும், இரண்டு காலங்களில் (வேகங்களில்). அது உறுதிப்பட்டால் அதிலிருந்து பிறந்த ஜன்ய ராகமான மலஹரியில் ஒரு கீதம் (எளிய தொடக்கப் பாடல்). மூன்று வரிசைகளைச் சுருதி விலகாமல் பாடும் வகுப்பு, பதினான்கையும் ஓட்டிவிட்ட வகுப்பைவிட முன்னேறியது என்பது என் உறுதியான எண்ணம்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெற்று வரும் கலைத் திருவிழா, பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போகும் நல்ல வாய்ப்பு. ஆனால் போட்டிக்குப் போகும் நான்கைந்து பேருக்காக வகுப்பின் பாடவேளை முழுவதும் செலவாகும் ஆபத்து அதில் இருக்கிறது. போட்டிப் பயிற்சியை மதிய உணவு இடைவேளையிலோ பள்ளி விட்ட பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். பாடவேளை 40 பேருக்கும் உரியது.

அரையாண்டு விடுமுறைக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள்: பாட்டியிடமோ அப்பத்தாவிடமோ அக்கம்பக்கத்துப் பெரியவரிடமோ ஒரு பாட்டு கேட்டு வர வேண்டும். தாலாட்டு, நடவுப் பாட்டு, ஏற்றப்பாட்டு, கும்மி எதுவானாலும் சரி. யார் பாடினார், எந்த வேலையின்போது பாடுவது என்று இரண்டு வரி எழுதி வர வேண்டும். சில பிள்ளைகள் ஒப்பாரி கொண்டு வருவார்கள். வீட்டில் காரணமின்றி ஒப்பாரி பாடுவதை அமங்கலமாக நினைப்பவர்கள் உண்டு என்பதால், அதை வகுப்பில் பாடவைக்காமல், அதன் சொற்களைப் படித்து, அந்தப் பாட்டைத் தந்தவரின் துயரத்துக்கு மரியாதை செய்து வாங்கி வைத்துக்கொள்கிறேன். கும்மி கொண்டு வரும் பிள்ளையிடம் அதன் நடையைத் தட்டச் சொல்லுங்கள்; பெரும்பாலும் தகிட, தகிட என்றே வரும். ஜூனில் படித்த மூன்றன் நடை, பாட்டியின் வாயிலிருந்து திரும்பி வந்திருக்கும்.

பாடல் தேர்வைப் பற்றி ஒரு சொல். ஆண்டுக்கு ஐந்து பாடல் என்றால், தமிழ்த்தாய் வாழ்த்து ஒன்று. பாரதியாரின் நாட்டுப் பாடல் ஒன்று. பிள்ளைகள் கொண்டு வந்ததில் ஒன்று. கீதமோ எளிய கீர்த்தனையோ ஒன்று. அவர்களே வாக்களித்துத் தேர்வதில் ஒன்று. கடைசியாகச் சொன்னது திரைப்பாடலாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அதற்கு எந்தத் தாளம் என்று கண்டுபிடித்த பிறகே பாடலாம் என்பது மட்டும் நிபந்தனை. வகுப்பில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) எல்லாச் சமயத்தாரும் பாடுவதற்கென்றே கீர்த்தனைகள் இயற்றியிருக்கிறார். கீர்த்தனை வேண்டும் என்றால் அங்கே தேடலாம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை

பொங்கல் முடிந்ததும், ஜூனில் கேட்டு வாங்கிய இரட்டைப் பாடவேளைகளில் ஒன்றில் ஒரு கலைஞரைப் பள்ளிக்கு அழையுங்கள். நாகசுவரம், தவில், பறை, உறுமி, வீணை, எது ஊரில் கிடைக்கிறதோ அது. கருவி எதனால் செய்யப்பட்டது, யார் செய்தார், எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும்: தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம், நரசிங்கம்பேட்டை நாகசுவரத்துக்கு ஆச்சா மரம், மானாமதுரைக் கடத்துக்கு மண் என்று, ஒவ்வொரு கருவிக்குப் பின்னும் ஓர் ஊர் இருக்கிறது. பறைக் கலைஞர் வருவதாக இருந்தால், முந்தைய பாடவேளையிலேயே வகுப்பைத் தயார் செய்யுங்கள். அந்தக் கருவியைச் சாதியோடும் சாவோடும் சேர்த்து இழிவாகப் பேசும் சொற்களைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டு வருகிறார்கள். தொல்காப்பியமே கருப்பொருள்களில் ஒன்றாகச் சொல்லும் கருவி பறை என்பதை அவர்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும். வீணை வித்துவானுக்குப் போடும் அதே நாற்காலி, அதே சால்வை, அதே சன்மானம். வாசிப்பைக் கேட்பதற்கு முன்பே பிள்ளைகள் நாற்காலியைத்தான் பார்க்கிறார்கள்.

எட்டாம் வகுப்புக்கு இந்தப் பருவத்தில் ஒரு சிறப்புப் பாடம் வைத்திருக்கிறேன். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், மாதரி ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை இட்டு வட்டமாக நிறுத்திக் குரவை ஆடுவாள். அதைப் போலவே ஐந்து பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, கையில் ச, ரி, க, ப, த என்று எழுதிய அட்டையைக் கொடுங்கள். யார் கை தூக்குகிறாரோ அவருடைய சுரத்தை வகுப்பு பாட வேண்டும். இது நன்றாக வந்த பிறகு, வட்டத்தைக் கலைக்காமல், ரி அட்டை வைத்திருப்பவரைச் சட்ஜம் என்று அறிவித்து அங்கிருந்து சுற்றுங்கள், மத்தியமாவதி கேட்கும். க அட்டையிலிருந்து தொடங்கினால் இந்தோளம், ப அட்டையிலிருந்து சுத்த சாவேரி, த அட்டையிலிருந்து சுத்த தன்யாசி. கீபோர்டில் அதே ஐந்து கறுப்புக் கட்டைகள்தான். தொடங்கும் கட்டை மட்டும் மாறுகிறது. ஒவ்வொரு முறையும் சுருதியைப் புதிய சட்ஜத்துக்கு மாற்றினால்தான் ராகம் மாறியது காதுக்குத் தெரியும்: நாலரைக் கட்டை மோகனத்திலிருந்து மத்தியமாவதிக்கு ஐந்தரை, இந்தோளத்துக்கு ஆறரை. இந்தோளத்தில் பஞ்சமம் இல்லையாதலால், அப்போது சுருதியில் பஞ்சமத்தை நிறுத்திவிட்டு மத்திமத்தை (ம) வைக்க வேண்டும். ஒரு பாடவேளையில் இரண்டு ராகத்துக்கு மேல் போகாதீர்கள்.

மதிப்பீட்டில் குரல் இனிமைக்கு மதிப்பெண் கிடையாது. நான்கு நான்கு பேராக வரச் சொல்லி, ஆண்டின் இலக்காக எழுதிய மூன்றையும் பாருங்கள்: சுருதியில் நிற்கிறாரா, தாளம் தனியே போடுகிறாரா, ஒரு பாடலை நினைவிலிருந்து பாடுகிறாரா. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரி, அதுவும் ஜூனில் எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்ற ஒப்பீடாக இருக்கட்டும். நான்கு பேர் பாடும்போது ஒவ்வொருவரின் குரலும் தனித்துக் கேட்கும், தனியாக நிற்கும் பயமும் இருக்காது.

கடைசிப் பாடவேளையில், ஜூனில் செய்ததைப் போலவே சுருதி வைக்காமல் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். முதலில் ஜூன் பதிவையும் பிறகு இதையும் போட்டுக் காட்டி, என்ன வேறுபாடு என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். பின்னர் உங்கள் குறிப்பேட்டில் மூன்றை எழுதி வைத்துவிட்டு விடுமுறைக்குப் போங்கள்: திட்டமிட்ட 28 பாடவேளைகளில் உண்மையில் கிடைத்தவை எத்தனை, எந்தெந்தப் பையன்களுக்குக் குரல் உடையத் தொடங்கியிருக்கிறது, வகுப்பு தொடங்கிய கட்டை எது, முடித்த கட்டை எது. அடுத்த மே மாதத்தில் நாட்காட்டியை எடுக்கும்போது இந்தப் பக்கத்தையும் அதன் அருகில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள்.